டிராயர் சேனல் மாட்டுவது எப்படி: அகலம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

டிராயர் சேனல் என்பது டிராயர் முன்னும் பின்னும் ஓடுவதற்காக அலமாரியிலும் டிராயரிலும் மாட்டுகிற உலோகத் தடம். அந்த வேலையில் உயரம் கொஞ்சம் தப்பினால் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். முன்பின் தப்பினாலும் அப்படித்தான். அகலம் பெரிதாகத் தப்பினால் மட்டும் டிராயரைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியதுதான். பலர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, உயரத்துக்கு மணிக்கணக்கில் கோடு போட்டுவிட்டு, அகலத்தை மட்டும் வரைபடத்தில் இருந்தபடி அறுத்துவிடுகிறார்கள். அப்புறம் சேனல் மட்டம், கம்பெனி சரியில்லை என்று புலம்பல்.

இங்கே நான் சொல்வது பெரும்பாலும் பக்கவாட்டில் மாட்டும் பால்பேரிங் டெலஸ்கோபிக் சேனலைப் பற்றி, அதாவது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த பட்டைகள், நடுவில் உருளும் சின்னக் குண்டுகள். பட்டறையில் நாமே அடிக்கிற அலமாரிக்கு, அதிலும் உளி, டிரில், ஸ்க்ரூ டப்பா என்று கனமான சாமான் போடுகிற டிராயருக்கு, இதுதான் தோது. ரோலர் சேனலும் அடியில் மறைந்திருக்கும் சேனலும் வேறு கணக்கு, கடைசியில் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

முதலில் எதை வாங்குவது. நீளம் வழக்கமாக 50 மி.மீ. ஏற்றத்தில் கிடைக்கும்: 300, 350, 400, 450, 500 என்று. அலமாரியின் உள் ஆழத்தை அளந்து, அதைவிடக் குறைந்தபட்சம் 10 மி.மீ.யாவது சின்னதான சேனலை எடுங்கள். முகப்புப் பலகை, அதாவது டிராயரின் முன்னால் வெளியே தெரிகிற பலகை, அலமாரிக்கு உள்ளே அடங்கி உட்காரும் மாதிரி என்றால் அதன் கனத்தையும் ஆழத்திலிருந்து கழித்துவிட்டே கணக்குப் போட வேண்டும். உள் ஆழம் 540, முகப்பு 18 என்றால் மிச்சம் 522, ஆக 500 சேனல். டிராயர் பெட்டியின் நீளத்தையும் அதே 500 ஆக வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

பட்டறை டிராயருக்கு முழுசாக வெளியே வரும் மூன்று மடிப்புச் சேனலையே வாங்குங்கள். முக்கால் பங்கு மட்டும் வெளியே வருகிற வகையில் மிச்சம் கால் பங்கு எப்போதும் இருட்டிலேயே கிடக்கும், தேடுகிற சாமான் கட்டாயம் அங்கேதான் போய்ச் சேரும். தாங்கும் எடை என்று பெட்டியில் போட்டிருப்பது பொதுவாக ஒரு ஜோடிக்கு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அவ்வளவு என்று இரட்டிப்பாக்கிக்கொள்ளாதீர்கள். 45 மி.மீ. உயரமுள்ள சாதாரணச் சேனலில் பல வகைகள் 35 முதல் 45 கிலோ வரை தாங்கும். ஸ்க்ரூவும் ஆணியும் நிரப்பிய டிராயர் அந்த எடையைத் தொடுவதற்கு அதிக நேரம் ஆகாது.

இனி அந்த அகலம். சேனலின் கனம் ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ., அதாவது அரை இஞ்ச், 4 நூல். இரண்டு பக்கமும் சேர்த்து 25.4. எனவே டிராயர் பெட்டியின் வெளி அகலம், அலமாரியின் உள் அகலத்தைவிட 25.4 குறைவாக இருக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. நான் 26 கழிப்பேன். அரை மி.மீ. சின்னதாகப் போனால் சேனல் அதை வாங்கிக்கொள்ளும், ஒரு மி.மீ. போனாலும் மைக்கா (பிளைவுட் மேல் ஒட்டுகிற மெல்லிய தகடு) துண்டு ஒன்றை இடையில் கொடுத்துவிடலாம். ஆனால் அரை மி.மீ. பெரிதாகிவிட்டால் பட்டைகள் ஒன்றையொன்று நெருக்கி, குண்டுகள் உருளாமல் தேய ஆரம்பிக்கும். சாஃப்ட் க்ளோஸ் வகை என்றால் நிலைமை இன்னும் மோசம், கடைசி ரெண்டு இஞ்சில் தானாக உள்ளே இழுக்க வேண்டியது இழுக்காமல் அப்படியே நின்றுவிடும். வாங்கின சேனலோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதுதான் செல்லும், நான் சொல்வது செல்லாது.

சரி, எந்த அகலத்திலிருந்து கழிப்பது? வரைபடத்தில் இருப்பதிலிருந்து இல்லை. அலமாரியை முழுசாகச் சேர்த்து, பசை காய்ந்து, உள்ளே மைக்கா ஒட்டுவதாக இருந்தால் அதையும் ஒட்டி முடித்த பிறகு, டேப்பை வைத்து அளந்தால் என்ன வருகிறதோ அதிலிருந்து. 18 மி.மீ. பிளைவுட் என்று வாங்கினது 17.5 கூட இருக்கும். உள்ளே இரண்டு பக்கமும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் 2 மி.மீ. காணாமல் போகும், அந்த 2 மி.மீ. போதும் டிராயர் உள்ளேயே போகாமல் நிற்பதற்கு. அளப்பதையும் ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாதீர்கள். சேனல் வரப்போகிற உயரத்தில் முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடம். பின்னால் ஒரு மி.மீ. அதிகம் இருந்தால் சமாளிக்கலாம், குறைவாக இருந்தால் டிராயர் உள்ளே போகப் போக இறுகும். நடுவில் மட்டும் குறைந்தால் பலகை உட்பக்கம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம், நீளமான நடுத்தடுப்புகளில் இது அடிக்கடி வரும். மூன்றில் எது சின்னதோ அதுதான் உங்கள் கணக்குக்கு அளவு. மற்ற இடங்களில் உள்ள வித்தியாசத்தைச் சேனலுக்குப் பின்னால் துண்டு கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம். அப்படியே அலமாரியின் முன்வாயில் மூலைக்கு மூலை குறுக்களவும் பார்த்துவிடுங்கள், இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் முகப்புப் பலகை வைக்கும்போது இடைவெளி கோணலாகத் தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உள் அகலம் 564 வந்தது. 26 கழித்தால் டிராயரின் வெளி அகலம் 538. டிராயரின் பக்கங்கள் 12 மி.மீ. பிளைவுட், முன்னும் பின்னும் உள்ள பலகைகள் இந்தப் பக்கங்களுக்கு இடையில் உட்காருகின்றன என்றால் அவற்றின் நீளம் 538 கழித்தல் 24, அதாவது 514. ஆனால் அந்த 12 நிஜமாகவே 12 தானா என்று காலிப்பரால் பார்த்துவிட்டு அறுங்கள். 11.6 இருந்தால் 514.8 அறுக்க வேண்டும். முன்பலகையையும் பின்பலகையையும் மேஜை ரம்பத்தில் ஒரே அமைப்பில், ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துவிட வேண்டும். ஒன்றை இன்று, இன்னொன்றை நாளை என்று அறுத்தால் டிராயர் முன்னால் ஒரு அகலம் பின்னால் ஒரு அகலமாகத்தான் வரும்.

அலமாரிக்கு முன்னால் சட்டம் அடித்திருந்தால் இன்னொரு சங்கதி இருக்கிறது. பக்கப் பலகை சட்டத்தின் உள் ஓரத்தைவிடப் பின்வாங்கி இருக்கும், அங்கே நேராகச் சேனலை மாட்டினால் டிராயர் சட்டத்தில் இடிக்கும். சட்டத்தின் ஓரத்தோடு ஒரே மட்டத்துக்கு வருகிற மாதிரி ஒரு கட்டையைப் பக்கப் பலகையில் ஒட்டி ஸ்க்ரூ போட்டு, அதன் மேல் சேனலை மாட்டுங்கள். அகலத்தை அளப்பதும் இரண்டு கட்டைகளுக்கு இடையில்தான்.

மாட்டுவதற்கு முன் சேனலைப் பிரிக்க வேண்டும். முழுசாக இழுத்தால் உள் பட்டையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். ஒரு பக்கத்துச் சேனலில் அதை மேலே தூக்கவும் மறுபக்கத்துச் சேனலில் கீழே அழுத்தவும் வேண்டியிருக்கும், அது கோளாறு இல்லை. ஒரே மாதிரி செய்த சேனலைத்தான் இரண்டு பக்கத்துக்கும் திருப்பிப் போடுகிறோம், அதனால் நாக்கும் தலைகீழாகிவிடுகிறது. உள் பட்டை டிராயருக்கு, மிச்சம் இருக்கிற கனமான பாகம் அலமாரிக்கு.

அலமாரியை இன்னும் சேர்க்கவில்லை என்றால் உங்களுக்கு யோகம். இரண்டு பக்கப் பலகைகளையும் மேஜையில் பக்கம் பக்கமாகப் போட்டு, முன் ஓரங்கள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடாக மூலைமட்டத்தால் இழுத்துவிடுங்கள். உயரம் தப்பவே வழியில்லை. படுத்தவாக்கில் டிரில் பிடிப்பதும் சுகம், அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கழுத்தைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம்.

சேர்த்தாகிவிட்டது என்றால் டேப்பை மூட்டை கட்டிவிட்டு அளவுக்கட்டை முறைக்கு வந்துவிடுங்கள். மேல் டிராயரின் சேனல் எந்த உயரத்தில் வர வேண்டுமோ அந்த உயரத்துக்கு ஒரு பிளைவுட் துண்டை அறுங்கள், ஆழம் சேனலின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கட்டும். அதை அலமாரியின் அடிப்பலகையில் நிற்கவைத்துப் பக்கத்தோடு ஒட்டி, மேலே சேனலை உட்காரவைத்து, ஸ்க்ரூ போடுங்கள். அதே துண்டை மறுபக்கம் கொண்டுபோய் அதே மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே உயரம் வந்தாகிவிட்டது, கோடும் இல்லை பென்சிலும் இல்லை. மேல் டிராயர் முடிந்ததும் அதே துண்டை அடுத்த டிராயருக்கான உயரத்துக்குக் குறைத்து அறுத்துக்கொள்ளலாம், அதனால்தான் மேலிருந்து கீழே வருவது வசதி. துண்டு கொஞ்சம் கோணலாக அறுபட்டிருந்தாலும் பாதகமில்லை என்று நினைத்துவிடாதீர்கள், முன்னால் 300 பின்னால் 298 இருந்தால் டிராயர் பின்பக்கமாகச் சரிந்து நிற்கும். நேராக அறுத்தது என்று தெரிந்த பிறகே பயன்படுத்துங்கள். முன்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி போட்டு, மறுபக்கத்திலும் அந்த முனையையே முன்னால் வைத்தால் சின்னத் தப்பு இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பும், டிராயர் முறுக்கிக்கொள்ளாது.

முன்பின் நிலை: முகப்புப் பலகை அலமாரியின் ஓரத்தை மூடி உட்காரும் வகை என்றால் சேனலின் முன் முனை அலமாரியின் முன் ஓரத்திலிருந்து 2 அல்லது 3 மி.மீ. உள்ளே. உள்ளே அடங்கும் வகை என்றால் முகப்பின் கனத்தோடு அந்த 2, 3 மி.மீ.யைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கைப்பிடி இல்லாமல் தள்ளித் திறக்கிற வகைச் சேனலில் முகப்புக்கும் அலமாரிக்கும் நடுவே தள்ளுவதற்கு இடம் விட வேண்டும், எவ்வளவு என்பதை அதன் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ விஷயத்தில் அவசரம் வேண்டாம். சேனலில் உருண்டைத் துளைகள் இருக்கும், நீள்துளைகளும் இருக்கும். அலமாரிப் பட்டையில் உள்ள நீள்துளைகள் பெரும்பாலும் கிடைவாக்கில் இருக்கும், முன்பின் நகர்த்துவதற்கு. டிராயர்ப் பட்டையில் உள்ளவை செங்குத்தாக, மேலே கீழே நகர்த்துவதற்கு. முதலில் நீள்துளைகளில் மட்டும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, துளையின் நடுவில் உட்காருகிற மாதிரி போடுங்கள். டிராயரைப் போட்டு ஓட்டிப் பார்த்து, எல்லாம் திருப்தி என்ற பிறகுதான் உருண்டைத் துளைகள். அதில் ஸ்க்ரூ போட்டுவிட்டால் அப்புறம் அசைக்க முடியாது. பின்பக்கத்துத் துளையை நடுப்பட்டை மறைத்துக்கொண்டிருக்கும். நடுப்பட்டையை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் அதில் உள்ள பெரிய ஓட்டை நேராக வரும், அதன் வழியே ஸ்க்ரூ டிரைவரை விடலாம்.

ஸ்க்ரூவின் தலை மெல்லிசாக இருக்க வேண்டும். சேனலோடு வருவதைப் போட்டால் பிரச்சினை இல்லை, கையில் கிடைத்த கருப்பு டிரைவால் ஸ்க்ரூவைப் போட்டால் தலை துருத்திக்கொண்டு ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கர்ரென்று உரசும். நீளம் அலமாரிப் பக்கத்துக்கு 16 மி.மீ., 12 மி.மீ. டிராயர்ப் பலகைக்கு 12 மி.மீ. தாண்டக்கூடாது, தாண்டினால் முனை உள்ளே எட்டிப்பார்த்துக் கையைக் கிழிக்கும். 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2 அல்லது 2.5 மி.மீ. பிட்டால் முன்துளை போட்டுவிடுங்கள். துளை நடுவில் விழாமல் ஒரு ஓரமாக விழுந்தால் ஸ்க்ரூ இறுகும்போது சேனலையே அந்தப் பக்கம் இழுத்துவிடும். நீங்கள் அளவுக்கட்டை வைத்துப் பிடித்த உயரம் எல்லாம் அங்கே போய்விடும். தானாக நடுவில் உட்காருகிற ஸ்பிரிங் பிட் ஒன்று கிடைக்கும், நாலைந்து டிராயருக்கு மேல் செய்வதாக இருந்தால் அதை வாங்குவது வீண் செலவு இல்லை.

டிராயர் பக்கம் சுலபம். பெட்டியின் பக்கத்தில் சேனலின் நடுக்கோடு வருகிற இடத்தில் ஒரு கோடு இழுத்து, உள் பட்டையின் துளைகள் கோட்டின் மேல் வருகிற மாதிரி, முன் முனை பெட்டியின் முன் முகத்தோடு சமமாக வைத்துத் திருகுங்கள். கோடு எங்கே என்றால், உயரத்தின் நடுவிலோ அதற்குக் கொஞ்சம் கீழோ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அடித்தகடு செருகுகிற காடி (நீளப் பள்ளம்) ஓடுகிற இடத்தில் மட்டும் ஸ்க்ரூ விழக்கூடாது.

மாட்டும்போது, அலமாரியில் இருக்கிற சேனலுக்குள் குண்டுகளைப் பிடித்திருக்கும் சட்டத்தை முன்னால் கடைசிவரை இழுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் டிராயரைத் திணித்தால் உள் பட்டையின் முனை அந்தச் சட்டத்தை மடக்கிவிடும், குண்டுகள் பொலபொலவென்று தரையில் உருளும், அந்தச் சேனல் அத்தோடு சரி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நுழைகிறதா என்று குனிந்து பார்த்து, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். முதல் தடவை கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும். முழுசாக மூடி, திறந்து, மறுபடி மூடினால் குண்டுச் சட்டம் தன் இடத்துக்கு வந்துவிடும். பாதியில் ஒரேயடியாக நின்றால் சுத்தியல் பக்கம் போகாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது என்ன கோளாறு என்பதை டிராயரே சொல்லிவிடும். உள்ளே போகப் போக இறுகினால் அலமாரி பின்னால் குறுகலாக இருக்கிறது, அல்லது டிராயர் முன்னால் அகலமாக இருக்கிறது. முதலில் இறுகி அப்புறம் இளகினால் அலமாரி முன்னால் குறுகலாக இருக்கிறது. ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே இறுக்கம் என்றால் டிராயர் மொத்தமாகவே பெரிது. மூடும்போது ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் இரண்டு பக்கச் சேனலும் ஒரே உயரத்தில் இல்லை. கையை எடுத்ததும் தானாகத் திறந்துகொண்டு வந்தால் பெரும்பாலும் சேனலில் குற்றம் இல்லை, அலமாரியே முன்னால் சாய்ந்து நிற்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்து அடியில் ஆப்பு கொடுங்கள். இழுக்கும்போது லொடலொடவென்று பக்கவாட்டில் ஆடினால் இடைவெளி அதிகம். இறுக்கத்துக்குக் காரணம் பிடிபடவில்லை என்றால் ஒரு பக்கத்து ஸ்க்ரூக்களை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள், சட்டென்று லேசாகிவிட்டால் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் அகலம்தான்.

சின்னதாகப் போனதற்கு மருந்து சுலபம் என்று சொன்னேன் அல்லவா, பட்டறைத் தரையில் கிடக்கிற 1 மி.மீ. மைக்கா வெட்டுத்துண்டுதான் அது. சேனலுக்கும் பலகைக்கும் நடுவில், ஸ்க்ரூ வருகிற இடங்களில் வையுங்கள். முன்னால் மட்டும் வைத்துவிட்டுப் பின்னால் வெறுமனே விட்டால் பட்டை கோணலாக நிற்கும், இடைவெளி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வைக்க வேண்டும். அரை மி.மீ. போதும் என்றால் அட்டைத் துண்டு, சீட்டுக்கட்டுச் சீட்டு எதுவானாலும் சரி.

பெரிதாகப் போனதுதான் பாடு. ஒரு மி.மீ.க்குள் என்றால் டிராயரின் பக்கத்தில், சேனல் உட்காருகிற இடத்தில் மட்டும், ரூட்டரால் (மரத்தில் காடி போடும் மெஷின்) 47 மி.மீ. அகலத்துக்கு ஒரு ஆழமில்லாத காடியைப் பெட்டியின் முழு நீளத்துக்கும் ஓட்டி, உள் பட்டையை அதற்குள் இறக்கிவிடலாம். ஒரு பக்கம் செய்தாலே போதும். ரூட்டர் இல்லையென்றால் பக்கத்தை இழைப்புளியால் சீவலாம், ஆனால் பிளைவுட்டில் மேல் அடுக்கு போய்விட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும். அதற்கு மேல் பெரிது என்றால் பிரித்து, முன்பலகையையும் பின்பலகையையும் குறைத்து மறுபடி ஒட்டுவதே உத்தமம்.

எல்லா டிராயரும் வெண்ணெய் மாதிரி ஓடின பிறகுதான் முகப்புப் பலகை. டிராயர் பெட்டியின் முன்பலகையையே முகப்பாகச் செய்யாமல் தனியாக ஒரு பலகை மாட்டச் சொல்வது இதற்காகத்தான், பெட்டியில் ஒன்றிரண்டு மி.மீ. தப்பினாலும் முகப்பில் மறைந்துவிடும். பெட்டியில் 6 மி.மீ. துளைகள் போட்டு, உள்ளேயிருந்து வாஷரோடு 4 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் பிற்பாடு இப்படி அப்படி நகர்த்திக்கொள்ள இடம் இருக்கும். கீழ் டிராயரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு முகப்புக்கும் இடையில் 3 மி.மீ. துண்டுகளை வைத்து அடுக்கிக்கொண்டே வாருங்கள். முகப்பைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டுமே என்றால், கைப்பிடிக்கான துளைகளை முகப்பில் முதலில் போட்டுவிட்டு, அவற்றின் வழியே பெட்டிக்குள் ஸ்க்ரூ போட்டுத் தற்காலிகமாக நிறுத்துங்கள், உள்ளேயிருந்து நிரந்தர ஸ்க்ரூ போட்டானதும் இதைக் கழற்றிக்கொள்ளலாம். கைப்பிடி அந்தத் துளைகளை மறைத்துவிடும்.

ரோலர் சேனல் மலிவு, வெள்ளைப் பூச்சு அடித்துப் பிளாஸ்டிக் சக்கரத்தோடு வரும். டிராயரின் கீழ் ஓரத்தை அணைத்துப் பிடிக்கும், இடது வலது வேறு வேறு, டிராயரைத் தூக்கித்தான் கழற்ற வேண்டும் என்பதால் மேலே அதற்கு இடம் விட வேண்டும். லேசான டிராயருக்குப் போதும், பட்டறைக்கு நான் போடமாட்டேன். அடியில் மறைந்திருக்கும் சேனல் பார்க்க அழகு, ஆனால் அதற்கு டிராயரின் உள் அகலம், அடித்தகட்டுக்குக் கீழே விட வேண்டிய குழி, பின்னால் வெட்ட வேண்டிய வாய் என்று எல்லாமே அந்தந்தச் சேனலின் தாளில் உள்ள கணக்குதான். சேனலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு டிராயரைச் செய்யுங்கள், டிராயரைச் செய்துவிட்டுச் சேனல் தேடாதீர்கள்.

பட்டறை என்றால் மரத்தூள் இருக்கும். சேனலில் ஏற்கெனவே இருக்கிற கிரீஸ் போதும், மேலே கெட்டியான கிரீஸ் பூசினால் தூள் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். அவ்வப்போது முழுசாக இழுத்து பிரஷ்ஷால் தட்டிவிட்டால் சரி. இன்னொன்று, கனமான சாமானைக் கீழ் டிராயர்களில் போடுங்கள், அலமாரியைச் சுவரோடு பிடித்துவிட்டுப் போடுங்கள். முழுசாக வெளியே வருகிற டிராயர் இரண்டை ஒரே நேரத்தில் இழுத்தால் அலமாரியே ஆளின் மேல் சாயும்.